ஓர் ஊரின் வறுமையை அந்த ஊரே அளப்பது எப்படி: திருகோணமலைக் கிராமச் சங்கங்களுக்கான வழிகாட்டி

வறுமையைப் பற்றிப் பேசாத சங்கக் கூட்டம் திருகோணமலையில் இல்லை. ஆனால் "இந்த ஊரில் எத்தனை குடும்பம் கஷ்டத்தில் இருக்கிறது, எந்த அளவு கஷ்டத்தில் இருக்கிறது?" என்று கேட்டால், கையில் இருப்பது நலன்புரிப் பட்டியல் ஒன்றுதான். அந்தப் பட்டியல் உதவி கிடைத்தவர்களைச் சொல்லும். கிடைக்காமல் போனவர்களை அது சொல்லாது. ஊரில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதும் அதில் தெரியாது.

இந்த வழிகாட்டி கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், மீனவர் கூட்டுறவுச் சங்கம், கோயில் அல்லது பள்ளிவாசல் சபையோடு வேலை செய்யும் இளைஞர்கள் ஆகியோருக்கானது. தேவையானவை: ஆறு பேர், இரண்டு கிழமை, ஆளுக்கொரு கொப்பி, சமையலறைத் தராசு மூன்று, கணக்குப் பார்க்க ஒரு கைபேசி. பத்தாம் வகுப்புக் கணக்குத் தெரிந்தால் போதும்.

வருமானத்தைக் கேட்டுத் தொடங்க வேண்டாம்

"மாதம் எவ்வளவு உழைக்கிறீங்க?" என்று தொடங்கும் படிவம் இந்த மாவட்டத்தில் பெரும்பாலும் பிழையான எண்ணைத்தான் தரும். சம்பளச் சீட்டு வாங்கும் ஆசிரியருக்கும் துறைமுக ஊழியருக்கும் அந்தக் கேள்வி பொருந்தும். கரைவலை இழுக்கிறவருக்கு மாதம் என்ற அளவே கிடையாது. ஒரு நாள் வலை நிறையும், அடுத்த பல நாள் கறிக்கு மட்டும் மீன் வரும். தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் வயல் செய்கிறவருக்குக் காசு வருவது அறுவடைக்கு அறுவடை; இடையில் உரக்கடைக் கடன். நிலாவெளி, உப்புவெளி விடுதிகளில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு வெள்ளைக்காரர் வரும் மாதங்கள் மட்டுமே வருமானம். இவர்களிடம் மாத வருமானம் கேட்டால், கேட்டவரின் மனம் நோகாமல் 30,000 என்றோ 40,000 என்றோ ஒரு வட்டமான எண்ணைச் சொல்லிவிடுவார்கள்.

செலவு அப்படித் துள்ளுவதில்லை. உழைப்பு இல்லாத மாதத்திலும் உலை வைத்தாக வேண்டும். காப்பை அடகு வைத்தோ, கடையில் கடன் சொல்லியோ, மீன் இல்லாத கறியோடு ஒப்பேற்றியோ வீடு ஓடும். அந்த ஓட்டத்தை அளந்தால் வீட்டின் உண்மையான நிலை பிடிபடும். இலங்கையின் உத்தியோகபூர்வ வறுமைக் கணக்கும் நுகர்வுச் செலவை வைத்தே செய்யப்படுகிறது. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் ஓர் ஆளுக்கு ஒரு மாதத்துக்கு இவ்வளவு வேண்டும் என்று ஒரு கோடு போடுகிறது. அதற்குக் கீழே வாழ்கிறவர் வறியவர். 2019 ஆய்வில் நாடு முழுவதற்குமான கோடு 6,966 ரூபா. அந்தக் கணக்கில் மக்களில் 14.3 வீதத்தினர் வறியவர்கள். 2022 விலையேற்றத்துக்குப் பிறகு கோடு இரண்டு மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது. திணைக்களம் மாவட்ட வாரியாக மாதாமாதம் புதிய கோட்டை இணையத்தளத்தில் போடுகிறது. நீங்கள் வீடுகளுக்குப் போன அதே மாதத்துக்கான திருகோணமலை மாவட்டக் கோட்டை எடுங்கள். பழைய கோட்டைப் புதிய விலையோடு ஒப்பிட்டால் ஊரில் ஏழையே இல்லை என்று வரும்.

கோடு எந்த அடிப்படையில் போடப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். 2016இல் நாட்டின் வறுமை 4.1 வீதம், 2019இல் 14.3 வீதம் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து, மூன்று வருடத்தில் வறுமை மூன்று மடங்கானது என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. முதலாவது பழைய கோட்டின்படி வந்தது, இரண்டாவது திருத்திய கோட்டின்படி வந்தது. அளவுகோல் மாறினால் எண் மாறும்.

எந்த மாதத்தில் போவது

கிழக்கில் இந்தக் கேள்வி மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். ஐப்பசி கடைசியில் வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கினால் தை வரை கடல் குழம்பும். சிறிய வள்ளங்கள் கரையில் ஏறிவிடும். அதே மாதங்களில் பெரும்போக வயல் விதைத்துப் பச்சையாக நிற்கும், காசு வருவது மாசி பங்குனி அறுவடையில்தான். அதே மாதங்களில் நிலாவெளிக் கடற்கரையும் வெறிச்சோடும். கடல், வயல், விடுதி மூன்றும் ஒரே நேரத்தில் கைவிடுகிற காலம் அது. ஆடி ஆவணியில் அளந்தால் ஊர் செழிப்பாகத் தெரியும். மார்கழியில் அளந்தால் பாதி ஊர் கோட்டுக்குக் கீழே போயிருக்கலாம்.

ஆகவே இரண்டு சுற்று போங்கள்: ஆவணியில் ஒன்று, மார்கழியில் ஒன்று, அதே வீடுகளுக்கு. ஒரே சுற்றுக்குத்தான் வசதி என்றால் மார்கழியைத் தெரிவு செய்யுங்கள், அறிக்கையின் முதல் வரியில் மாதத்தை எழுதுங்கள். நோன்பு மாதம், பெருநாள், பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு வரும் கிழமைகளைத் தவிருங்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் நோன்பு காலத்தில் வீட்டுச் சாப்பாட்டின் நேரமும் அளவும் மாறிவிடும். ஸகாத்தாகவும் அரிசியாகவும் கிடைப்பவை அந்த மாதத்துக்கு மட்டும் கணக்கைத் தூக்கிவிடும்.

எந்த வீடுகளுக்குப் போவது

ஊரில் 120 வீட்டுக்குக் குறைவென்றால் எல்லா வீட்டுக்கும் போங்கள். 300 வீடு என்றால் 60 போதும். தெரிவு செய்யும் முறைதான் பலருக்குப் பிழைக்கிறது. கிராம உத்தியோகத்தரிடம் உள்ள வாக்காளர் பட்டியலை மட்டும் நம்பினால், மத்திய கிழக்கில் இருப்பவரின் பெயர் இருக்கும், இடம்பெயர்ந்து வந்து ஒரு வளவின் மூலையில் கொட்டில் போட்டிருப்பவரின் பெயர் இருக்காது. முதல் நாள் ஊரைச் சுற்றி நடந்து, புகை வருகிற ஒவ்வொரு அடுப்பையும் ஒரு தாளில் வரைபடமாகக் குறியுங்கள். ஒரே கூரையின் கீழ் இரண்டு உலை என்றால் இரண்டு குடும்பம்.

பிறகு 300ஐ 60ஆல் பிரித்தால் 5. ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். 3 வந்தால் 3, 8, 13, 18 என்று ஒவ்வொரு ஐந்தாவது வீடும். தார் வீதியோரத்து வீடுகளை மட்டும் எடுக்காதீர்கள். வீதியோரத்தில் கடையும் மதில் கட்டிய வீடும்தான் இருக்கும். வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குப் போகாமல், காலை, மாலை, ஞாயிறு என்று மூன்று முறை திரும்பிப் போங்கள். பகலில் பூட்டியிருப்பது பெரும்பாலும் எல்லோருமே கூலிக்குப் போகிற வீடு. அதை விட்டுவிட்டால் தேடிப் போனவர்களையே விட்டதாகிவிடும்.

60 வீட்டுக் கணக்கில் 30 வீதம் வறுமை என்று வந்தால், உண்மையான எண் 20க்கும் 40க்கும் இடையில் எங்கோ இருக்கும். பக்கத்து ஊரில் 35 வந்தது, எங்களுக்கு 30 என்று பெருமைப்பட அதில் இடமில்லை.

வீட்டுக்குள் கேட்பது

இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் கட்டாயம் பெண். இது அஸ்வெசும (அரசின் நலன்புரி உதவி) பதிவு அல்ல, பெயர் எழுதமாட்டோம், எதுவும் கிடைக்கப்போவதுமில்லை, வெட்டப்படப்போவதுமில்லை என்று முதலிலேயே சொல்லுங்கள். இதைச் சொல்லாவிட்டால் தொலைக்காட்சி அறைக்குள் போய்விடும், பால்மா வாங்குவதே இல்லை என்று பதில் வரும். சேருவில, கந்தளாய், கோமரங்கடவல பக்கம் போகிறவர்கள் சிங்களப் படிவமும் சிங்களம் சரளமாகக் கதைக்கிற ஒருவரும் இல்லாமல் போகாதீர்கள்.

யார் குடும்பம்? ஒரே உலையில் சாப்பிடுகிறவர்கள். குவைத்தில் வேலை செய்யும் மகள் ஆள்கணக்கில் சேரமாட்டார். அவர் அனுப்பும் காசில் வாங்கிய அரிசி செலவுக் கணக்கில் சேரும்.

சாப்பாட்டுக்கு ஏழு நாள் மட்டும் கேளுங்கள். மாதக் கணக்குக் கேட்டால் ஒருவருக்கும் நினைவிருக்காது. நேற்று இரவிலிருந்து பின்னோக்கிப் போவது நல்லது: "அக்கா, நேற்று இராச் சாப்பாட்டுக்கு எத்தனை சுண்டு அரிசி போட்டீங்க?" சுண்டை வாங்கி அரிசி நிரப்பித் தராசில் வையுங்கள், வீட்டுக்கு வீடு சுண்டின் அளவு வேறு. தேங்காயை முழுக்காய்க் கணக்கில் எழுதிவிடுவது வழக்கமான பிழை. பல வீடுகளில் ஒரு பாதியைத் துருவிவிட்டு, மற்றப் பாதியின் வாயில் உப்புத் தடவிக் கவிழ்த்து வைத்திருப்பார்கள், நாளைக்கும் நாளன்றைக்கும். அடுப்படியில் அந்தக் கவிழ்த்த சிரட்டையைக் கண்டால் தேங்காய்க் கணக்கை இன்னொரு முறை கேளுங்கள்.

காசு கொடுக்காமல் வந்ததும் சாப்பாடுதான். வலையிலிருந்து கறிக்கென்று கிடைத்த மீன், வயல் நெல்லில் குற்றிய அரிசி, வளவு முருங்கை, கோயில் அன்னதானம், பிள்ளையின் பள்ளிக்கூடச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் அன்று ஊரில் காசுக்கு வாங்கினால் என்ன விலையோ அதைப் போடுங்கள். நெல்லை மூடையில் சொன்னால் மூடை எத்தனை கிலோ என்று கேட்டு எழுதுங்கள். 100 கிலோ நெல் குற்றினால் ஏறக்குறைய 65 கிலோ அரிசி வரும். ஆண்களிடம் வெளியில் குடித்த தேத்தண்ணி, வடை, ரோல்ஸ், வெற்றிலை, சிகரெட், சாராயம் பற்றித் தனியாகக் கேளுங்கள். வீட்டில் இருப்பவருக்கு அது தெரியாது, தெரிந்தாலும் அவர் முன்னால் சொல்லமாட்டார்.

ஏழு நாள் கணக்கை மாதமாக்க 30ஆல் பெருக்கி 7ஆல் பிரியுங்கள். நாலு கிழமை ஒரு மாதம் என்று 4ஆல் பெருக்கினால் மாதம் 28 நாளாகிறது; வருடத்தில் 29 நாள் சாப்பாடு காணாமல் போகிறது. கோட்டுக்கு அருகில் நிற்கிற வீடுகளை இந்தச் சின்னப் பிழையே கீழே தள்ளிவிடும்.

மற்றச் செலவுகளில் மின்கட்டணம், தண்ணீர், விறகு அல்லது காஸ், ரீலோட், பஸ், டியூசன், சவர்க்காரம், மருந்து ஆகியவற்றை மாதக் கணக்கிலும், உடுப்பு, பள்ளிக்கூடச் சாமான், கூரை திருத்தம் ஆகியவற்றை வருடக் கணக்கில் கேட்டு 12ஆல் பிரித்தும் எழுதுங்கள். மின்கட்டணத்தை வாயால் கேட்காமல் பில்லைப் பார்த்து எழுதுங்கள். சொந்த வீடென்றாலும், அதே மாதிரி வீடு ஊரில் வாடகைக்கு எவ்வளவு போகும் என்ற மதிப்பைச் சேருங்கள். இதை எல்லா வீட்டுக்கும் ஒரே ஆள் மதிப்பிடுவது நல்லது.

சேர்க்கக்கூடாதவை இன்னும் முக்கியம். கடன் தவணை, சீட்டுக் காசு, கலியாணச் செலவு, மோட்டார் சைக்கிள் வாங்கியது, எஞ்சினுக்கு அடித்த மண்ணெண்ணெய், வலை பொத்தியது, உரம், உழவு: இவை நுகர்வு அல்ல. ஒரு மீனவ வீட்டில் மண்ணெண்ணெய்ச் செலவைச் சேர்த்துவிட்டால் அந்த வீடு ஒரே வரியில் பணக்கார வீடாகிவிடும். இந்தப் பிழையை ஒவ்வொரு இரவும் கொப்பிகளைச் சரிபார்க்கும்போது தேடுங்கள்.

கடைக் கடன் கொப்பி ஒரு பொக்கிஷம். மூலைகள் மடிந்து எண்ணெய் பட்ட அந்தக் கொப்பியில் திகதி, "சீனி ½", "பருப்பு ¼", "பாண் 1", தொகை என்று வரிசையாக இருக்கும். இடையில் ஒரு வரி: "தந்தது 2,000". இந்தக் கிழமை கடனுக்கு எடுத்த சீனி, காசு கொடுக்காவிட்டாலும், இந்தக் கிழமைச் செலவு. "தந்தது 2,000" போன மாதத்துக் கணக்குக்கானது, அதை எழுதக்கூடாது. இரண்டையும் எழுதினால் ஒரே சீனியை இரண்டு முறை சாப்பிட்டதாகிவிடும். கொப்பியைத் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். அவர்களாகவே எடுத்துக் காட்டினால் பார்த்து, கையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

வருமானத்தைக் கடைசியில் கேட்கலாம், தொகை இல்லாமல்: பன்னிரண்டு மாதங்களைத் தாளில் கட்டமாக வரைந்து, எந்த மாதம் எந்த வேலை, எந்த மாதம் வேலை இல்லை என்று நிறம் தீட்டச் சொல்லுங்கள். வள்ளமும் எஞ்சினும் யாருடையது, செலவு கழித்த பிறகு பங்கு எப்படிப் பிரிகிறது, வியாபாரியிடம் முற்பணம் வாங்கி அவருக்கே மீன் கொடுக்க வேண்டியிருக்கிறதா என்பவற்றையும் எழுதுங்கள்.

இன்னொரு கேள்வி, பெண்ணிடம் மட்டும், தனியாக: "நேற்று இரா யார் கடைசியாகச் சாப்பிட்டது? அப்போது சட்டியில் என்ன இருந்தது?" வீட்டுச் செலவை ஆட்களால் சமமாகப் பிரிக்கிற நம்முடைய கணக்கு இதைக் காட்டாது. பதிலை எண்ணாக்க முயல வேண்டாம், சொன்னபடியே எழுதுங்கள்.

கணக்கு: எத்தனை பேர், எவ்வளவு ஆழத்தில்

மொத்த மாதச் செலவை ஆட்களால் பிரித்தால் ஆள்வீதச் செலவு. கணக்கு விளங்குவதற்காகப் பத்து வீடுகளை எடுப்போம், எல்லாவற்றிலும் நான்கு பேர், ஆள்வீதச் செலவு ரூபாவில்: 9,000, 11,000, 13,000, 15,000, 18,000, 20,000, 24,000, 28,000, 42,000, 70,000. கோடு 16,000 என்று வைத்துக்கொள்வோம். இவை பயிற்சிக்கான எண்கள். உங்கள் கோடு உங்கள் மாதத்துக்கானது.

சராசரி 25,000. கோட்டுக்கு நல்ல உயரத்தில் இருக்கிறது. ஆனால் பத்தில் ஏழு வீடு அந்தச் சராசரிக்குக் கீழே. வரிசையின் நடுவில் நிற்கும் 18,000க்கும் 20,000க்கும் இடைப்பட்ட நடு எண் 19,000. நாட்டுக் கணக்கிலும் இதே தோற்றம்தான்: 2019இல் வீடொன்றின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா, நடு எண் 53,333. சராசரியை மட்டும் எழுதிய அறிக்கையை நம்பாதீர்கள், நீங்களும் எழுதாதீர்கள்.

கோட்டுக்குக் கீழே நான்கு வீடு, அதாவது 40 வீதம். இது தலைக்கணக்கு. வீடுகளில் ஆள் எண்ணிக்கை வேறுபட்டால் வீட்டை எண்ணாமல் ஆளை எண்ணுங்கள்: 60 வீட்டில் 18 வறிய வீடு என்றால் 30 வீதம், ஆனால் அந்த 18 வீட்டில் 90 பேரும் மொத்தமாக 240 பேரும் இருந்தால் உண்மை 37.5 வீதம். வறிய வீடுகளில் பிள்ளைகள் அதிகம் என்பதால் இந்த வித்தியாசம் அடிக்கடி வரும்.

அடுத்தது ஆழம். நான்கு வீடுகளும் கோட்டை எட்ட ஓர் ஆளுக்கு 7,000, 5,000, 3,000, 1,000 குறைகிறது. மொத்தம் 16,000. வீட்டுக்கு நான்கு பேர் என்பதால் மாதம் 64,000 ரூபா. இந்த ஒரு தொகையை எந்தக் கூட்டத்திலும் தயங்காமல் சொல்லலாம்: இந்த நான்கு குடும்பத்தையும் கோட்டுக்குக் கொண்டுவர மாதம் இவ்வளவு வேண்டும். 16,000ஐ, பத்து வீடு பெருக்கல் கோடு, அதாவது 1,60,000ஆல் பிரித்தால் 0.10. இது வறுமை இடைவெளிச் சுட்டி.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். அடியில் உள்ள வீட்டின் 9,000இலிருந்து 1,000ஐ எடுத்து நான்காவது வீட்டுக்குக் கொடுத்தால் என்ன நடக்கும்? நான்காவது வீடு 16,000ஐத் தொட்டுவிடும். வறுமை 40 வீதத்திலிருந்து 30 வீதமாகக் குறைந்துவிட்டது என்று அறிக்கை எழுதலாம். நடந்ததோ, ஊரிலேயே ஏழ்மையான வீட்டின் சாப்பாட்டைப் பறித்தது. இடைவெளிச் சுட்டியும் அசையாது, அதே 0.10. இதைப் பிடிக்கிற கணக்கு ஒன்று உண்டு: ஒவ்வொரு இடைவெளியையும் கோட்டால் பிரித்து, வர்க்கித்து, கூட்டி, வீட்டு எண்ணிக்கையால் பிரிப்பது. முன்பு 0.033 ஆக இருந்தது இப்போது 0.038. ஆழத்தில் இருப்பவரின் இழப்புக்கு அதிக எடை கொடுப்பதால் அது ஏறுகிறது. ஃபாஸ்டர், கிரீர், தோர்பெக் மூவரும் 1984இல் முன்வைத்த அளவு இது. திட்டங்கள் கோட்டுக்கு அருகில் நிற்கிறவர்களையே தூக்கிவிட்டு வெற்றி சொல்வது உலகமெங்கும் நடப்பதால், மூன்று எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள்.

ஏற்றத்தாழ்வை அளப்பது

வறுமை கோட்டுக்குக் கீழே உள்ளவர்களைப் பார்க்கிறது. ஏற்றத்தாழ்வு ஊர் முழுவதையும் பார்க்கிறது. எளிய வழி: மேலே உள்ள இரண்டு வீட்டின் பங்கு 1,12,000, மொத்தமான 2,50,000இல் 44.8 வீதம். அடியில் உள்ள இரண்டு வீட்டின் பங்கு 20,000, வெறும் 8 வீதம். 5.6 மடங்கு. சனங்களுக்கு விளங்குவது இந்த எண்தான்.

ஏற்றத்தாழ்வை ஒரே எண்ணில் சொல்லும் கினிக் குணகம் வேண்டுமென்றால், வீடுகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, முதல் வீட்டை 1ஆல், இரண்டாவதை 2ஆல், பத்தாவதை 10ஆல் பெருக்கிக் கூட்டுங்கள்: 18,10,000. அதை 2ஆல் பெருக்கி, வீட்டு எண்ணிக்கை பெருக்கல் மொத்தச் செலவு, அதாவது 25,00,000ஆல் பிரித்தால் 1.448. அதிலிருந்து 11ஐப் 10ஆல் பிரித்த 1.1ஐக் கழித்தால் 0.348. எல்லோருக்கும் சமம் என்றால் 0. ஏற்றத்தாழ்வு கூடக்கூட 1ஐ நெருங்கும். அடுக்காமல் பெருக்கினால் விடை அர்த்தமில்லாததாகிவிடும், அதைப் பாருங்கள்.

2019இல் இலங்கையின் வீட்டு வருமானக் கினி 0.46. எங்கள் ஊரில் 0.35, ஆகவே நாங்கள் சமத்துவமான ஊர் என்று எழுதிவிடாதீர்கள். அது வீட்டு வருமானம், இது ஆள்வீதச் செலவு. செலவில் அளந்தால் பெரும்பாலும் சிறிதாகவே வரும். தவிர, நாட்டில் உள்ள பெரும் பணக்காரர் உங்கள் ஊரில் வீடு வைத்திருக்க வாய்ப்பில்லை.

ஊர்ப்புறத்தில் உண்மையான ஏற்றத்தாழ்வு செலவை விடச் சொத்தில்தான் தெரியும். வள்ளம், எஞ்சின், கரைவலை, வயல் ஏக்கர், மாடு, நகை, காணி உறுதியா அனுமதிப்பத்திரமா இரண்டும் இல்லையா: ஒரு பக்கத்தில் எழுதுங்கள். இருபது எஞ்சினில் பதினான்கு மூன்று வளவில் நின்றால், மீன் விலை ஏறும்போது அந்த லாபம் எங்கே போகிறது என்பது விளங்கிவிடும்.

கடனுக்கு ஒரு தனிப் பக்கம் வேண்டும். யாரிடம், எவ்வளவு, எதற்கு வாங்கியது, கிழமைக் கட்டு எவ்வளவு, அதைக் கட்ட இன்னொரு இடத்தில் கடன் எடுத்ததா. ஆள்வீதச் செலவு 18,000 என்று கோட்டுக்கு மேலே நிற்கிற வீடு மூன்று நுண்கடனைச் சுழற்றிக்கொண்டிருந்தால், அடுத்த மழைக்கே கீழே வந்துவிடும். கிழமைத் தவணைகளைக் கூட்டி மாதமாக்கி, மாதச் செலவின் மூன்றில் ஒன்றைத் தாண்டும் வீடுகளுக்கு ஒரு குறி போடுங்கள்.

நலன்புரிப் பட்டியலோடு ஒப்பிடுவது

அஸ்வெசும 2023 ஆடியில் தொடங்கியபோது நான்கு வகை: நிலைமாறும் நிலையில் உள்ளவர்களுக்கு 2,500, பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு 5,000, வறியவர்களுக்கு 8,500, மிக வறியவர்களுக்கு 15,000. 2025 தையிலிருந்து கடைசி இரண்டும் 10,000 ஆகவும் 17,500 ஆகவும் கூடின. தெரிவு நடப்பது கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்பவற்றில் 22 குறிகாட்டிகளை வைத்து. உங்கள் அளவு செலவை வைத்தது. ஆகவே இரண்டும் அப்படியே பொருந்தாது.

ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: வறியவர், உதவி கிடைக்கிறது; வறியவர், கிடைக்கவில்லை; வறியவரல்ல, கிடைக்கிறது; வறியவரல்ல, கிடைக்கவில்லை. இரண்டாவது கட்டத்தில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் காரணம் எழுதுங்கள். விண்ணப்பிக்கவே இல்லையா, விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டதா, தெரிவாகியும் வங்கிக் கணக்குத் திறக்கவில்லையா, அடையாள அட்டை இல்லையா. ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் பிரதேச செயலகத்துக்கு ஒரு நாள் கூட்டிப்போனால் போதும். இரண்டாவதுக்கு மேன்முறையீடு எழுத வேண்டும்.

மூன்றாவது கட்டத்தில் மிக நிதானம் வேண்டும். வசதி இருந்தும் எடுக்கிறார்கள் என்று ஊர் வாய் சொல்லும், அதையே அறிக்கையிலும் எழுதத் தோன்றும். முதலில் ஒரு கழித்தல் செய்யுங்கள். மேலே உள்ள ஐந்தாவது வீடு, ஆள்வீதம் 18,000, கோட்டுக்கு மேலே. அவர்களுக்கு மாதம் 10,000 கிடைக்கிறது என்றால் ஆளுக்கு 2,500. அதைக் கழித்தால் 15,500. அந்த வீடு கோட்டுக்கு மேலே நிற்பதே உதவி வருவதால்தான். கழிக்காமல் பட்டியல் கொடுத்தால், தாங்கிப் பிடித்திருக்கும் தடியை உங்கள் கையாலேயே உருவியதாகிவிடும்.

உங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் தெரிவானார்கள் என்ற எண்ணிக்கை வேண்டுமென்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தனி ஆட்களின் பெயரைக் கேட்காமல் எண்ணிக்கை மட்டும் கேட்டால் மறுப்பதற்கு இடம் குறைவு.

முடிவை ஊருக்குச் சொல்வது

படிவங்களில் வீட்டு இலக்கம் மட்டும் இருக்கட்டும். எந்த இலக்கம் யார் என்ற தாள் ஒன்றே ஒன்று, ஒருவரிடம், பூட்டிய பெட்டியில். பத்து வீட்டுக்குக் குறைந்த எந்தப் பிரிவுக்கும் தனி எண் வெளியிடாதீர்கள். "கணவனை இழந்த மூன்று குடும்பங்கள்" என்று எழுதினாலே ஊருக்கு ஆள் தெரிந்துவிடும்.

அறிக்கை மூன்று பக்கத்தைத் தாண்டக் கூடாது. முதல் பக்கத்தில் மாதம், எத்தனை வீடு, தெரிவு செய்த முறை, பயன்படுத்திய கோடு. இரண்டாவதில் தலைக்கணக்கு, இடைவெளிச் சுட்டி, வர்க்கித்த அளவு, மாதம் தேவையான தொகை, மேல் கீழ்ப் பங்கு, கடன் குறி விழுந்த வீடுகள். மூன்றாவதில் பன்னிரண்டு மாத வேலைக் கட்டம். பிரதேச சபையும் பிரதேச செயலகமும் எந்த மாதத்தில் வீதி வேலை, குளத்துக்கட்டு வேலை கொடுக்க வேண்டும் என்பதை அந்தக் கட்டம் காட்டிவிடும்: கடலும் வயலும் விடுதியும் ஒன்றாக வெறுமையாகும் கார்த்திகை, மார்கழி, தை. கந்தளாய்க் குளம் நிரம்புகிற அந்த மழை மாதங்களில் மண் வேலை முடியாது என்று பதில் வரும்; அப்போது பாடசாலைக் கட்டடத் திருத்தம், வலை பின்னல், கருவாட்டுத் தட்டு செய்தல் போன்ற கூரைக்குக் கீழே செய்யும் வேலைகளின் பட்டியலைக் கையில் வைத்திருங்கள்.

முதலில் ஊருக்குள் வாசியுங்கள், பிறகு அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். பெண்கள் வரக்கூடிய நேரமாக, மாலை நான்கு மணிக்கு வையுங்கள். எண்ணை வாசித்துவிட்டு, "இது சரியாகப் படுகிறதா?" என்று கேட்டு, மறுத்துச் சொல்கிறவர்களின் பேச்சையும் அறிக்கையின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மார்கழிச் சுற்றுக்குப் படிவத்தைத் திருத்த அந்தப் பக்கம்தான் முதலில் தேவைப்படும்.